மழைக்காட்டில் தானியங்கிக் கேமரா: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

வால்பாறையைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில், வனத்துறையின் அனுமதியோடு நடக்கும் கண்காணிப்புப் பணிக்காகப் பல ஆண்டுகளாகத் தானியங்கிக் கேமராக்களை, அதாவது விலங்கு எதிரே வந்தால் தாமாகவே படமெடுக்கும் கேமராக்களைப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மெகாபிக்சல் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தென்மேற்குப் பருவமழைக் காட்டைப் பொறுத்தவரை அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஈரம் புகாத மூடியும், தாமதமின்றிப் படமெடுக்கும் சென்சாரும் இல்லாத கேமரா எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இங்கே பயன்படாது.

ஜூன் மாதம் தொடங்கிவிட்டால் பெட்டிக்குள் நீர் இறங்காவிட்டாலும் காற்றிலுள்ள ஈரமே லென்ஸின் உட்புறத்தில் படிந்துவிடும். இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுச் சிதறுவதால், விலங்கு வந்து நின்றிருந்தாலும் படத்தில் வெண்புகை மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு முறையும் மெமரி கார்டை மாற்றும்போதே உள்ளிருக்கும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் மாற்றி, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறேன். அந்த வளையத்தில் ஒரு மண்துகள் ஒட்டியிருந்தாலும் போதும், ஈரம் வழி கண்டுபிடித்துவிடும். எறும்புகளும் அப்படித்தான். கதவைத் திறந்தால் பேட்டரிகளின் இடுக்குகளில் வெண்ணிற முட்டைகளைக் கவ்விக்கொண்டு அவை சிதறி ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எறும்பு மருந்து தடவலாம் என்பார்கள். அந்த வாடை விலங்குகளின் நடமாட்டத்தை மாற்றிவிடக்கூடும் என்பதால் தூரிகையால் தட்டிவிடுவதே நல்லது.

இந்தக் கேமராக்களின் சென்சார், உடற்சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாடு தன் எதிரே நகரும்போதுதான் விழித்துக்கொள்கிறது. கோடைக்கால நண்பகலில், மரநிழல் குறைந்த இடங்களில் அந்த வேறுபாடு சுருங்கிவிடுவதால் கடந்துபோகும் விலங்கு பதிவாகாமலே போகலாம். அதே நேரம், வெயில் பட்டுச் சூடேறிய ஓர் இலை காற்றில் ஆடினால் வெற்றுப் படங்கள் நூற்றுக்கணக்கில் குவியும். கேமராவைக் கிழக்கிலோ மேற்கிலோ சூரியனை நேராகப் பார்க்கும்படி வைக்காமல், முன்னால் உள்ள புல்லை மட்டும் அளவோடு ஒதுக்கினால் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. சென்சார் விழித்த பிறகு படமெடுக்க ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மாதிரிகளில், விரைந்து செல்லும் செந்நாயின் வால்நுனிதான் மிஞ்சும்.

எந்த உயரத்தில் கட்டுவது என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். புலிக் கணக்கெடுப்பில் முழங்கால் உயரத்தில், பாதையின் இருபுறமும் எதிரெதிராகக் கேமராக்களைக் கட்டுவார்கள். ஒவ்வொரு புலியையும் வரிகளை வைத்தே அடையாளம் காண்கிறார்கள், அந்த வரிகளோ இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதே காரணம். 2018ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைத்த கேமராக்கள் 3.48 கோடிப் படங்களைத் தந்தன. அவற்றில் புலிகள் இருந்தவை 76,651. வியக்கத்தக்க உழைப்பு அது. ஆனால் புலிக்காக வகுத்த அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டால், முயலைவிடச் சற்றே உயரமான சருகுமான் சென்சாரின் பார்வைக்குக் கீழே நடந்து போய்விடக்கூடும். வாழ்நாளின் பெரும்பகுதியை மரக்கிளைகளில் கழிக்கும் சிங்கவால் குரங்கோ அரிதாகத்தான் அகப்படும். படம் விழவில்லை என்பதற்காக அந்த விலங்கு அங்கே இல்லை என்று எழுதிவிடும் அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

யானைத்தடங்களில் இரும்புக் கூடு இல்லாமல் கேமராவைக் கட்டவே கூடாது. துதிக்கை நுனியின் ஈர மடிப்புகள் திரை முழுவதையும் நிறைத்த படத்தோடு பதிவு முடிந்துபோன கேமராக்கள் எங்களிடம் உண்டு.

இந்தப் பாதைகளில் தோட்டத் தொழிலாளர்களும் காடர் குடி மக்களும் நடக்கிறார்கள். தேனுக்கோ விறகுக்கோ போகிறவரைக் கேட்காமல் படம்பிடித்துக் கணினியில் சேர்த்து வைக்க நமக்கு உரிமை இல்லை. இப்போது மெகாடிடெக்டர் போன்ற மென்பொருள்கள் விலங்கு, மனிதர், வாகனம், வெற்றுப்படம் எனத் தாமே பிரித்துவிடுவதால், மனிதர் இருக்கும் படங்களை யாரும் திறந்து பார்க்கும் முன்பே அழித்துவிடுகிறோம். கேமரா எங்கே, எதற்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் அந்தந்தக் குடியிருப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.