ட்ரெய்லர் இழுக்கும் சிறிய பிக்கப்பில் முன் ஆக்சில் ஏன் போகிறது

ட்ரெய்லரின் பாரம் பின்னால்தான் விழுகிறது. அப்படியிருக்க முன் ஆக்சில் ஏன் உடைகிறது? பாரம் ஏறி உடைவது அபூர்வம். ஃபோர்-லோவில் (நான்கு சக்கரத்துக்கும் குறைந்த கியரில் சக்தி போகும் நிலை) ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபடி ஆக்சிலரேட்டரை மிதிப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

பாரக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 1500 கிலோ ட்ரெய்லர் என்றால் அதை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் பொதுவாகச் சுமார் 10 சதவீதம், அதாவது 150 கிலோ உட்கார வேண்டும். பின் ஆக்சிலிலிருந்து பந்து 1.2 மீட்டர் பின்னால், வீல்பேஸ் 3 மீட்டர் என்று வைத்தால், முன் சக்கரங்களிலிருந்து 60 கிலோ கழன்று பின்னுக்குப் போகிறது. பின் ஆக்சில் 210 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. மூக்கு கொஞ்சம் தூக்கும், ஸ்டீயரிங் லேசாகும், டோ அளவும் (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) சற்று மாறும். கம்பெனி உயரத்திலேயே இருக்கும் வண்டியில் இதனால் மட்டும் சிவி ஜாயின்ட் (முன் ஆக்சில் ஷாஃப்ட்டின் முனையில், கோணம் மாறினாலும் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் மூட்டு) போகாது. ஆனால் உடலை 5 சென்டிமீட்டர் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்ட வண்டியில் ஷாஃப்ட் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது. அதன்மேல் மூக்கும் தூக்கினால் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். இழுவை வேலைக்கு வைத்திருக்கும் வண்டிக்கு லிஃப்ட் கிட் வேண்டவே வேண்டாம் என்பதே நம் கருத்து.

அதிகம் உடையும் இடம் நெடுஞ்சாலை அல்ல. மேடான இடத்தில் ட்ரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி வளைக்கும்போதுதான் உடைகிறது. மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டியின் முன்பக்கம் சரிவின் கீழே இருப்பதால் எடை முன் சக்கரங்களுக்கு வருகிறது, பிடிப்பும் கூடுகிறது. ஸ்டீயரிங் முழு ஒடிப்பில் இருப்பதால் வெளி சிவி ஜாயின்ட் தன் கோணத்தின் எல்லையில் நிற்கிறது. அந்த ஜாயின்ட் மிகவும் பலவீனமாக இருக்கும் நிலை அதுதான். இஞ்சின் 350 நியூட்டன் மீட்டர், கியர் விகிதம் 4, லோ ரேஞ்ச் 2.5, கிரவுன் (டிஃபரன்ஷியல் கியர்) 4 என்று பெருக்கினால் மொத்தம் 14,000 நியூட்டன் மீட்டர். ஈர மண்ணில் சக்கரம் வழுக்கி இந்த முறுக்கை விட்டுவிடும். காய்ந்த கான்கிரீட்டில் வழுக்காது, அதனால் ஷாஃப்ட்தான் வாங்கிக்கொள்ளும். முன் பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத பார்ட்-டைம் ஃபோர் வீல் வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு: திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன, அந்த வித்தியாசம் முழுக்க டிரைவ்லைனில் முறுக்காகச் சேர்கிறது. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு தேய்ந்த டயர் இருந்தால் நேர் ஓட்டத்திலேயே இது நடக்கும்.

ஆகவே காய்ந்த தரையில் டூ-ஹையிலேயே (பின் சக்கரங்களுக்கு மட்டும் சக்தி போகும் சாதாரண நிலை) தள்ளிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் சிரமம் இல்லை. மேனுவல் கியர் வண்டியில் கிளட்ச் கருகும், அதற்காகத்தான் பலர் ஃபோர்-லோவுக்கு ஓடுகிறார்கள். லோ போட்டே ஆக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை எல்லைவரை ஒடித்துப் பிடிக்காமல் கால் சுற்றுத் திருப்பி விட்டு, இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்து வளையுங்கள்.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். திருப்பத்தில் டக் டக் என்றால் வெளி ஜாயின்ட். நேராகப் போய் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் உள் ஜாயின்ட். ஊளைச் சத்தம் வந்து, ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பியதும் மாறினால் வீல் பேரிங். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது பிளே இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட், இடமும் வலமும் ஆட்டும்போது மட்டும் இருந்தால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை). ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது. சத்தம் தொடங்கும் முன் புது பூட், புது கிளாம்ப், மாலிப்டினம் கலந்த சிவி கிரீஸ் போட்டால் ஷாஃப்ட் பிழைக்கும். சத்தம் வந்த பிறகு பூட் மாற்றுவது வீண் செலவு.

ஷாஃப்ட் மாற்றும்போது அதைச் சக்கர ஹப்போடு இறுக்கும் ஹப் நட்டும் புதிதாக இருக்கட்டும். வண்டியின் கையேட்டு மேனுவலில் சொன்ன அளவுக்கு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், இம்பாக்ட் கன்னோடு விட்டுவிடாதீர்கள். நட் இறுகும் முன் சக்கரத்தில் எடை வந்தால் புது பேரிங்கும் கெடும்.

படகு இழுப்பவர்கள் முன் டிஃபரன்ஷியலின் பிரீதரையும் (காற்று போய்வரும் துளை) பார்க்க வேண்டும். சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் நிறத்தில் வந்தால் உடனே மாற்றுங்கள்.

பின்னால் விழும் பாரத்தில் ஒரு பகுதியை முன் சக்கரங்களுக்குத் திருப்பும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போடுமுன் உங்கள் வண்டிக்கு அனுமதி உண்டா என்று மேனுவலில் பாருங்கள். போட்டால், ட்ரெய்லர் மாட்டும் முன்னும் பின்னும் முன் ஃபெண்டர் உயரத்தை அளந்து, எவ்வளவு திருப்பி இறக்க வேண்டும் என்று மேனுவல் சொல்கிறதோ அதோடு நிறுத்துங்கள். ட்ரெய்லர் இல்லாத உயரத்துக்கும் கீழே முன்பக்கத்தை அழுத்தக் கூடாது.

வழியில் ஷாஃப்ட் உடைந்தால் டூ-ஹை போட்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சக்கரத்தை ஷாஃப்ட்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீலிங் ஹப் இல்லாத வண்டியில் உடைந்த துண்டு சக்கரத்தோடு சுற்றி பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் அறுக்கும். ஷாஃப்ட்டை முழுதாக உருவிவிட்டு ஓட்டுவதும் ஆபத்து: பல வண்டிகளில் ஹப் பேரிங்கைச் சேர்த்துப் பிடிப்பதே ஷாஃப்ட்டின் முனையான ஸ்டப்பும் நட்டும்தான். ட்ரெய்லரைக் கழற்றி, வண்டியை லாரியில் ஏற்றுங்கள்.