மலைமேல் மௌனம்: குரிசுமலையா, பெருமாள்மலையா?

வருகிற தவக்காலத்தில் சில நாள் ஒதுங்கி இருக்க, கேரளத்தின் வாகமண்ணில் இருக்கும் குரிசுமலை ஆசிரமத்துக்கு இடம் கேட்டு எழுதிவிட்டேன். கடைசிவரை அதற்குப் போட்டியாக நின்றது கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே பெருமாள்மலையில் இருக்கும் ஜென் தியான மையமான போதி ஜென்டோ. இரண்டையும் தொடங்கியவர்கள் கத்தோலிக்கத் துறவிகள். இரண்டிலும் குளிர், சைவச் சாப்பாடு, குறைந்த பேச்சு. என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது "எது கிட்டே, எது வசதி?" என்றுதான். அதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று.

தூரத்தில் பெருமாள்மலைக்கே வெற்றி. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் கொடைக்கானல் பேருந்தில் உட்கார்ந்தால், பழனிச் சாலை வந்து சேரும் இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். சொந்த வண்டியில் போவதானால் 2024 மே முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. குரிசுமலைக்குத் தேனி, கம்பம், குமுளி வழியாகப் போய், வண்டிப்பெரியார், குட்டிக்கானம், ஏலப்பாறை தாண்ட வேண்டும். குமுளிக்கு மேலேயே பாதி நாள் போய்விடும். ஆனால் வழி முழுக்கத் தேயிலைத் தோட்டம். தலைமுறைகளாகத் தமிழ் பேசும் தொழிலாளர் ஊர்கள். வழி கேட்க மொழி தடையாக இருக்காது.

ஒரு எச்சரிக்கை: குரிசுமலை என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. குமரி மாவட்ட எல்லையில் வெள்ளறடை பக்கம் இருப்பது திருப்பயணிகள் ஏறும் மலை. வாகமண்ணிலும் சிலுவைப்பாதைக்கு மக்கள் ஏறும் ஒரு குன்று அதே பெயரில் இருக்கிறது. நான் சொல்வது துறவு மடத்தை. வண்டி பேசும்போது 'ஆசிரமம்' என்று அழுத்திச் சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போதி ஜென்டோ 1996-இல் உருவானது. தொடங்கியவர் இயேசு சபைத் தந்தை ஆமா சாமி. பர்மாவில் பிறந்த தமிழர், ஜப்பானில் காமகுராவின் யமதா கோவுன் ரோஷியிடம் ஜென் பயின்று ஆசிரியராக அங்கீகாரம் பெற்றவர். அங்கே நாளின் முதுகெலும்பு ஸஸென், அதாவது அசையாமல் அமர்ந்திருத்தல். ஒரு அமர்வு முடிந்ததும் மெதுவான நடை, பிறகு மறுபடி அமர்வு. இடையில் தோட்ட வேலை, சமையலறை வேலை. எந்த மதத்தவரும் வரலாம், மதமே இல்லாதவர்களும் வரலாம்.

குரிசுமலை 1958-இல் பெல்ஜியத்து சிஸ்டர்சியன் துறவி பிரான்சிஸ் ஆசாரியாவும் இங்கிலாந்து பெனடிக்டைன் துறவி பீட் கிரிபித்ஸும் சேர்ந்து வெறும் புல்மேட்டில் தொடங்கியது. பீட் 1968-இல் குளித்தலை அருகே காவிரிக்கரைச் சாந்திவனத்துக்கு வந்துவிட்டார். பிரான்சிஸ் ஆசாரியா 2002-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். துறவிகளுக்குக் காவி உடை. தரையில் அமர்ந்து ஜெபம், தரையில் அமர்ந்து சாப்பாடு. பிழைப்புக்கு மாட்டுப் பண்ணை. வழிபாடு, கேரளத்தின் சிரிய மரபுக் கத்தோலிக்கரான சீரோ மலங்கரைத் திருச்சபையின் முறையில்.

என் முடிவைத் தீர்மானித்த கேள்வி ஒன்றே ஒன்று: அன்றைய நாளை யார் சுமக்கிறார்கள்?

ஜென்டோவில் நாளைச் சுமப்பது நான். மணி அடிக்கும், அமர்வேன். அதற்குப் பிறகு எதிரே இருக்கும் சுவரும் என் மூச்சும்தான். மனம் ஓடினால் திரும்பக் கூட்டிவர வேண்டியவனும் நானே. பயிற்சி உள்ளவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அலுவலகமும் வீடும் பிழிந்தெடுத்த நிலையில் மலையேறுபவனுக்கு முதல் இரண்டு நாளும் தன்னோடு மல்லுக்கட்டுவதிலேயே கழிந்துவிடுகிறது.

குரிசுமலையில் நாள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் போனாலும் போகாவிட்டாலும், விடியலுக்கு வெகு முன்பே துறவிகள் எழுந்து இரவு ஜெபத்துக்கு உட்காருவார்கள். பிறகு காலை ஜெபம், பகலில் குறித்த நேரங்களில் சிறு ஜெபங்கள், மாலையில் ரம்சோ என்ற ஜெபம், படுக்கும் முன் இன்னொன்று. நான் செய்ய வேண்டியது அந்த ஓட்டத்தில் இறங்குவது மட்டுமே. ஓடும் ஆற்றில் இறங்கி நிற்பவனை நீரே தள்ளிக்கொண்டு போவதுபோல, இரண்டாம் நாள் மாலைக்குள் திருப்பாடல்கள் நம்மைத் தம் வேகத்துக்கு இழுத்துவிடுகின்றன. ஜெபிக்க முடியாத மனநிலையிலும் அங்கே ஜெபத்துக்குள் இருக்க முடிகிறது. களைத்தவனுக்கு இதைவிடப் பெரிய உதவி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வழிபாடு மலையாளத்தில்தானே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஜெப வேளையிலும் கௌமா என்ற துதி வரும்: "தெய்வமே, நீ பரிசுத்தனாகுன்னு, பலவானே, நீ பரிசுத்தனாகுன்னு, மரணமில்லாத்தவனே, நீ பரிசுத்தனாகுன்னு." நின்று, கிழக்கு நோக்கிச் சொல்வார்கள். மூன்றாவது முறை கேட்கும்போது நம் வாயும் சேர்ந்துகொள்ளும். நாள் முழுக்க இதே வரிகள் திரும்பத் திரும்ப வருவதால் புத்தகத்தைப் புரட்டித் தேடும் பதற்றமும் அடங்கிவிடுகிறது. மலங்கரைத் திருச்சபை 1930-இல் மார் இவானியோஸ் தலைமையில் உரோமையோடு ஒன்றித்தது. ஆகவே நம் இலத்தீன் முறைக் கத்தோலிக்கர் அங்கே நற்கருணை வாங்கலாம், ஞாயிறு திருப்பலிக் கடனும் நிறைவேறும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை யோசனை பிறக்கிறது. சிரிய மரபில் நாள் தொடங்குவது காலையில் அல்ல, மாலையில். ரம்சோதான் நாளின் முதல் ஜெபம். எனவே பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருகிறமாதிரி பயணத்தைப் போடுங்கள். இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் மடத்தின் ஒழுங்கும் கெடும், உங்கள் முதல் நாளும் போய்விடும். புறப்படுவதையும் காலை ஜெபமும் திருப்பலியும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கணக்கிட்டால் மூன்று இரவுகளுக்குக் குறைந்து போவதில் பயனில்லை. முதல் இரவு உடம்பு குளிருக்கும் அதிகாலை மணிக்கும் பழகவே சரியாகிவிடும்.

ஜென்டோவைப் பற்றி இதே உறுதியோடு என்னால் பேச முடியாது. அங்கே சாதாரண நாள்களில்தான் தங்கியிருக்கிறேன்; பல நாள் முழு மௌனத்தோடு நடக்கும் செஷின் பயிற்சியில் அமர்ந்ததில்லை. அதில் அமர்ந்து எழுந்தவர்கள் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே தினமும் அரை மணி நேரமாவது அசையாமல் உட்காரும் பழக்கம் உள்ளவர்கள், கிறிஸ்தவரல்லாத துணையோடு போக விரும்புகிறவர்கள், தமிழில் பேசக்கூடிய வழிகாட்டியைத் தேடுகிறவர்கள் ஆகியோர் தயங்காமல் பெருமாள்மலைக்கே போகலாம். முழங்கால் மடங்காதவர்களுக்கு அங்கே நாற்காலியிலும் அமர இடமுண்டு. குரிசுமலையில் தரைதான் வழக்கம். மூட்டுவலி இருந்தால் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். தனியாகப் போகும் பெண்களும் குடும்பமாகப் போகிறவர்களும் அறை ஏற்பாட்டை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அது ஆண் துறவிகளின் மடம்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜென்டோவில் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு பங்களிப்பு கேட்பார்கள். குரிசுமலையில் மனதுக்கு ஏற்றதைக் காணிக்கையாகக் கொடுக்கலாம். வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது சிஸ்டர்சியன் துறவிகள் பின்பற்றும் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) ஒழுங்கின் 53-ஆம் அதிகாரம். அந்த ஒழுங்கில் வாழ்கிறவர்கள் உங்களிடம் பில் நீட்டமாட்டார்கள். அதனாலேயே தாராளமாகக் கொடுங்கள் என்பேன்.

பருவம் மட்டும் இரண்டுக்கும் நேரெதிர். ஜூன் முதல் செப்டம்பர்வரை வாகமண்ணில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மூடுபனியில் முற்றம் தெரியாது, புல்வெளியில் அட்டை ஏறும். அக்டோபர், நவம்பரில் கொடைக்கானல் பக்கம் வடகிழக்குப் பருவமழை. ஆகஸ்ட் நடுவில் கொடைக்கானலில் சலேத் மாதா திருவிழாக் கூட்டம், புனித வெள்ளியன்று வாகமண் குன்றில் சிலுவைப்பாதைக் கூட்டம். மௌனம் வேண்டுமென்றால் இந்த இரண்டையும் தவிர்க்கவும். வாகமண் இப்போது சுற்றுலா ஊராகிவிட்டதால் சனி, ஞாயிறு சாலையில் வண்டிகள் நகராது. நான் திங்கள் புறப்பட்டு வெள்ளி இறங்குவதாக எழுதியிருக்கிறேன்.

கம்பளி, டார்ச், குடை, வழக்கமான மாத்திரைகள், இவ்வளவு போதும். இரண்டு இடத்துக்குமே முன்கூட்டி எழுதி, பதில் வந்த பிறகு புறப்படுங்கள். எழுதும்போது தேதியோடு நிறுத்தாமல், எதற்காக வருகிறீர்கள், ஜெப வேளைகளில் எத்தனைக்கு உட்கார முடியும் என்பதையும் சொல்லுங்கள். வெறுமனே தூங்கி ஓய்வெடுக்கத்தான் வேண்டும் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். அதற்கேற்ற நாள்களை அவர்களே சொல்வார்கள்.