கை ஓங்கும் நோயாளிக்கு எது: க்ளோசபின், ஓலான்சபின், ஹாலோபெரிடால்

மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை. அடி வாங்குவதுதான் அவர்களுக்கு அதிகம் நேர்கிறது. ஆனால் ஒரு சிறு பகுதியினர் திரும்பத் திரும்பக் கை ஓங்குவார்கள். வார்டில் நடக்கும் அடிதடியில் பெரும்பங்கு அந்தச் சிலரால்தான். இங்கே பேச்சு அவர்களுக்கான மூன்று மனநோய் மருந்துகள் பற்றி மட்டும்: க்ளோசபின், ஓலான்சபின், ஹாலோபெரிடால்.

இந்த மூன்று மருந்துகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது நியூயார்க் மாநிலத்தின் நேதன் க்ளைன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் மெனாகெம் கிராகோவ்ஸ்கியின் குழு. முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. மொத்தம் 110 பேர், 12 வாரம். யாருக்கு எந்த மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. க்ளோசபினுக்கு 37, ஓலான்சபினுக்கு 37, ஹாலோபெரிடாலுக்கு 36 பேர்.

இந்த ஆய்வின் மதிப்பு ஆள் எடுத்த விதத்தில் இருக்கிறது. மற்ற ஆய்வுகளில் பெரும்பாலானவை அடிக்கும் நோயாளியைச் சேர்ப்பதே இல்லை. அவரிடம் ஒப்புதல் வாங்குவது கடினம். பிறகு அறிகுறிப் பட்டியலில் ‘பகைமை’ என்ற ஒரே ஒரு வரியின் மதிப்பெண்ணைப் பார்த்து, மருந்து வன்முறையைக் குறைத்தது என்று எழுதிவிடுவார்கள். முறைத்துப் பார்ப்பதும் மூக்கை உடைப்பதும் ஒன்றல்ல. கிராகோவ்ஸ்கி எடுத்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பிறரை அடித்தவர்கள். ஒவ்வொரு சம்பவமும் தனித்தனியே பதிவானது: வாய்ச் சண்டை, பொருளை உடைத்தல், பிறரைத் தாக்குதல் என்று வகை பிரித்து, கடுமைக்கு ஏற்ப மதிப்பெண் கூட்டி.

உடல் தாக்குதலைக் குறைப்பதில் மற்ற இரண்டையும் விட க்ளோசபின் முந்தியது. ஓலான்சபின் ஹாலோபெரிடாலை முந்தியது. ஆனால் குரல் கேட்பது, சந்தேகம் போன்ற நோய் அறிகுறிகளின் மொத்த மதிப்பெண்ணில் மூன்றுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. அறிகுறி ஒரே அளவில் இருக்க, அடி மட்டும் குறைகிறது. ஆக, நோய் தணிந்தால் கை தானாக அடங்கும் என்ற கணக்கு முழுக்கச் சரியல்ல.

‘க்ளோசபின் தூங்க வைக்கிறது, அவ்வளவுதானே’ என்பது பழைய ஆட்சேபம். இதற்கு அதே நிறுவனத்தின் யான் வோலாவ்காவும் சக ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட அலசலைப் பார்க்கலாம். அங்கே க்ளோசபின் ஹாலோபெரிடாலை முந்தியது முதல் 24 நாள் கழித்து, போதுமான டோஸ் சேர்ந்த பின்புதான். தூக்கக் கலக்கம் மிகுதியாக இருப்பது ஆரம்ப வாரங்களில். தூக்கம்தான் காரணம் என்றால் பலனும் அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் ஒருவர் அடிக்கிறார் என்பதில் பாதி விடை கிடக்கிறது. 2003-ல் இதே வட்டாரத்து ஆய்வாளர்கள் வார்டில் கேமரா வைத்து, அடித்தவரிடமும் அடி வாங்கியவரிடமும் விசாரித்தார்கள். நோயின் குரலோ தவறான நம்பிக்கையோ நேரடியாகத் தூண்டிய தாக்குதல்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். மற்றவற்றில், உணர்ச்சி வேகத்தை அடக்க முடியாமை, சிறு வயதிலிருந்தே பழகிப்போன முரட்டுத்தனம் போன்ற வேறு காரணங்கள். குரலை மட்டும் அடக்கும் மருந்துக்கு இந்தப் பெரும்பகுதியில் வேலை குறைவு. சிறுவயது நடத்தைக் கோளாறு இருந்தவர்களிடம் க்ளோசபினின் மேன்மை இன்னும் தெளிவு என்று கிராகோவ்ஸ்கி குழு 2021-ல் காட்டியது. ‘அது வியாதி இல்லை, குணம்’ என்று கைவிடப்படுகிறவர்கள் இவர்கள்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஹாலோபெரிடால்: அரை மணி நேரத்துக்கு

இதை மட்டம் தட்டிவிட்டுப் போக முடியாது. ஆவேசம் உச்சத்தில் இருக்கும்போது க்ளோசபினால் எந்தப் பயனும் இல்லை, அதை மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும். அந்த நேரத்தில் ஹாலோபெரிடாலும், தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்தான புரோமெத்தசினும் சேர்ந்த தசை ஊசி நம்பகமானது. வேலூரில் 300 பேரிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், இந்தக் கூட்டும் ஓலான்சபின் ஊசியும் ஒரே வேகத்தில் அமைதிப்படுத்தின. ஆனால் நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி மருந்து தேவைப்பட்டவர்கள் ஓலான்சபின் பக்கம் 43%, கூட்டு ஊசிப் பக்கம் 21%. புரோமெத்தசின் இல்லாமல் ஹாலோபெரிடாலை மட்டும் போடுவது தவறு. கழுத்து திருகி, கண் மேலே செருகிக்கொள்ளும் தசை இறுக்கம் வரலாம். ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஓர் ஆய்வு இதனாலேயே பாதியில் நிறுத்தப்பட்டது.

மாதக்கணக்கில் கொடுக்கும்போது வரும் பொறி வேறு, அதன் பெயர் அகதீசியா. நோயாளி உட்கார்ந்த மறுகணம் எழுந்துவிடுவார். நின்றால் வலது கால், இடது கால் என்று எடையை மாற்றிக்கொண்டே இருப்பார். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் விட்டு நடப்பார். பக்கத்தில் யார் வந்தாலும் எரிந்து விழுவார். பார்ப்பவருக்கு இது நோய் முற்றுவதாகத் தோன்றும், டோஸைக் கூட்டுவார்கள், தவிப்பும் கூடும், ஒரு நாள் கை நீளும். நிலைகொள்ளாமை மருந்து தொடங்கிய பிறகு அல்லது கூட்டிய பிறகு வந்ததா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் டோஸைக் குறைக்க வேண்டும். ஆஸ்துமா இல்லாவிட்டால் புரோபரனலால் உதவும்.

ஒரு விஷயத்தில் ஹாலோபெரிடால் க்ளோசபினை மிஞ்சும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் நீடித்த ஊசி இதில் உண்டு, க்ளோசபினில் இல்லை. மாத்திரையைத் துப்புவதுதான் ஒருவரின் ஆவேசத்துக்குக் காரணம் என்றால், விழுங்காத க்ளோசபினை விடப் போட்ட ஊசி மேல்.

ஓலான்சபின்: நடுவழி

முதல் நாளே 10 மி.கி. கொடுக்கலாம், சில நாட்களில் 20-க்குப் போகலாம். வாயில் கரையும் மாத்திரை இருப்பதால் கன்னத்தில் ஒதுக்கிவைக்க முடியாது. க்ளோசபினைப் போல ரத்தத்தில் வெள்ளணு எண்ணும் கட்டாயம் இல்லை. விலை உடம்பில் தெரியும்: எடை முதல் வாரங்களிலேயே ஏறத் தொடங்கும், பின்னாலேயே சர்க்கரையும் கொழுப்பும். தொடங்கும் நாளில் எடை, இடுப்பளவு, சர்க்கரை எழுதிவைக்காவிட்டால் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. ஓலான்சபின் ஊசியோடு லோரசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தின் ஊசியைச் சேர்த்துப் போடக் கூடாது. ரத்த அழுத்தம் சரியும், மூச்சு தளரும்.

வோலாவ்காவின் அலசலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதிகம் அடிப்பவர்களிடம் ஓலான்சபினின் நோய் தணிக்கும் திறனே குறைவாக இருந்தது; க்ளோசபினில் அதற்கு நேர்மாறு. எனவே எப்போதாவது கை ஓங்குபவருக்கு ஓலான்சபினில் தொடங்குவது நியாயம். வாரம் தவறாமல் அடிப்பவரிடம் அதிலேயே மாதங்களைக் கரைப்பது நியாயமில்லை.

க்ளோசபின்: மருந்தை விட வேலை பெரிது

முதல் நாள் 12.5 மி.கி., ஒரு வேளை அல்லது இரு வேளை. பிறகு நாளொன்றுக்கு 25 முதல் 50 வரை கூட்டி, இரண்டு வாரத்தில் 300–450. பலவீனமானவர்களுக்கு இன்னும் மெதுவாக. அவசரப்பட்டால் எழுந்து நிற்கும்போது மயங்கி விழுவார், வலிப்பும் வரலாம். 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் விடுபட்டால் மறுபடி 12.5-லிருந்துதான். நேற்றைய 400-ஐ அப்படியே கொடுப்பது ஆபத்து.

க்ளோசபின் சிலரிடம் வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும். அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் குறைந்தது 1,500 இருந்தால் தொடங்கலாம். அமெரிக்க வழக்கப்படி முதல் ஆறு மாதம் வாரந்தோறும், அடுத்த ஆறு மாதம் இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதந்தோறும் பரிசோதனை. 1,000-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். 2025-ல் அங்கே இந்த எண்ணிக்கையைப் பதிவுசெய்தால்தான் மருந்து என்ற கட்டாய முறை நீக்கப்பட்டாலும் பரிசோதனைப் பரிந்துரை அப்படியே இருக்கிறது.

ஆனால் வெள்ளணுவையே பார்த்துக்கொண்டு குடலை மறந்துவிடுகிறார்கள். க்ளோசபின் குடலின் அசைவை மந்தமாக்கும். முற்றினால் அடைப்பு, உயிரிழப்பு வரை போகும். நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், மலம் கழித்தாரா என்று கேட்டு எழுத வேண்டும், மலமிளக்கி முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சல், நெஞ்சுவலி, வேகமான நாடித்துடிப்பு என்றால் இதயத்தசை அழற்சி இல்லை என்று உறுதிசெய்த பிறகே அடுத்த டோஸ்.

பலன் உண்டா என்று தீர்மானிக்க, கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் மருந்தளவு மில்லிலிட்டருக்கு 350 நானோகிராமைத் தாண்டி, சுமார் மூன்று மாதம் ஓடியிருக்க வேண்டும். இந்த அளவைக் கலைப்பதில் முதல் குற்றவாளி சிகரெட். புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலில் க்ளோசபினை வேகமாகச் சிதைக்கின்றன. நிகோடின் அல்ல, ஆகவே நிகோடின் பட்டை ஒட்டியும் இது மாறாது. புகைக்க முடியாத வார்டில் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் அளவு ஒன்றரை மடங்காகலாம், உமிழ்நீர் வடிந்து கலக்கம் கூடும். அதே டோஸோடு வீடு திரும்பிப் புகைக்கத் தொடங்கினால் அளவு சரியும், அடங்கியிருந்த கை மறுபடி எழும். அப்போது ‘க்ளோசபினும் கேட்கவில்லை’ என்று கோப்பில் எழுதுவதற்கு முன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.