நிலாவெளிப் பக்கம் கோல்ஃப் டிரைவர் விற்க வரும் ஆளிடம் கவனம்

கொழும்பிலிருந்து ஒருவர் வேனில் கோல்ஃப் மட்டைகள் (கிளப்புகள்) ஏற்றி வந்து, நிலாவெளி வீதியில் ஒரு வெறுங்காணியில் அடித்துக் காட்டி டிரைவர், அதாவது பந்தைத் தூரமாக அடிக்கிற நீள மட்டை, விற்கிறார். "ஸ்லைஸ் அடிக்கிற ஆக்களுக்கெண்டே செய்தது அண்ணை, ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ" என்பது அவருடைய பாட்டு. என்னிடம் ஒரு இலட்சத்து முப்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். ஸ்லைஸ், அதாவது நேராகக் கிளம்பிய பந்து வலப்பக்கம் வளைந்து பற்றைக்குள் போகிற வருத்தம், உள்ளவர்கள் சீனக்குடாவில் என்னோடு விளையாடுகிறவர்களிலேயே பலர். அவர்களுக்காகத்தான் இது.

சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் கோல்ஃப் மைதானத்தை விட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை. கிளப்பைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும். வேன்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

காணியில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய டிரைவர், அவருடைய பந்துகள். ஒவ்வொரு அடிக்கும் முன்பு கிளப்பை என் கையிலிருந்து வாங்கி, இடுப்பில் செருகியிருந்த துணியால் அதன் முகத்தை, அதாவது பந்தில் படுகிற பக்கத்தை, நன்றாகத் துடைத்துத் தந்தார். "புதுச் சாமான், மண் படக்கூடாது" என்றார். மரியாதையான ஆள் என்று தோன்றியது. அடித்த பந்துகள் கோடு போட்ட மாதிரிப் போயின. காசை வங்கியில் போட்டேன்; புதுப் பெட்டி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு சீனக்குடாவுக்குப் போனால் பழைய வளைவே, இன்னும் கொஞ்சம் கூடவே.

மர்மத்தை உடைத்தது என் தங்கச்சியின் மகன். அன்று பந்து பொறுக்கியது அவன்தான். "மாமா, பந்திலை எல்லாம் ஒரு பக்கம் மட்டும் மண் அப்பிக் கிடந்ததே, கவனிக்கேல்லையோ?" என்றான். காற்சட்டைப் பையில் கிடந்த ஒரு பந்தைக் கொண்டுவந்தும் காட்டினான். மண்ணைத் தட்டிவிட்டுத் தடவினால் விரல் வழுக்கியது. வாஸ்லின்!

துடைக்கிற சாட்டில் கிளப் முகத்தில் இப்படி வழவழப்புப் பூசினால் பந்தை உரசிச் சுழற்றும் பிடி குறைந்துவிடும். சுழற்சி குறைந்தால் வளைவும் குறையும். எவ்வளவு மோசமாக வெட்டி அடித்தாலும் பந்து ஓரளவு நேராகவே போகும். சோதிப்பதற்காக என் பழைய டிரைவரின் முகத்தில் நானே பூசி அடித்தேன். அதுவும் நேராகத்தான் போனது! அப்படியென்றால் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு நான் பார்த்தது ஒரு டப்பி வாஸ்லினின் வேலை. போட்டியில் இதைச் செய்ய முடியாது. துப்புரவாக்குவதற்குத் தவிர, கிளப் முகத்தில் எதையும் பூசி அடிப்பதை கோல்ஃப் விதி 4.1 தடை செய்கிறது. பூசி அடித்தால் ஆட்டத்திலிருந்தே வெளியே போட்டுவிடுவார்கள்.

காற்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. அது கச்சான் காலம், மதியத்தில் தென்மேற்கிலிருந்து அனலாக அடிக்கும். கடல் இடது கைப் பக்கம் வருமாறு தென்கிழக்கைப் பார்த்து எங்களை நிறுத்தினார். வலத்தே போகப் பார்க்கிற பந்தை அந்தக் காற்றே இடப்பக்கம் தள்ளிவிடும். "மற்றப் பக்கம் ஒருக்கா அடிப்பமே?" என்று கேட்டதற்கு, வெயில் கண்ணில் குத்தும் என்றார்.

பெட்டியில் வந்தது அடித்துப் பார்த்த கிளப்பும் அல்ல. நிறமும் எழுத்தும் ஒன்றுதான். ஆனால் நான் கேட்டது 10.5 பாகை லாஃப்ட் (முகத்தின் சாய்வு), ரெகுலர் ஷாஃப்ட் (சாதாரண வளைவுள்ள தண்டு). வந்தது 9 பாகை, ஸ்டிஃப் (விறைப்பான தண்டு). நீளம் அளந்தால் 46½ அங்குலம். கடையில் வருபவை பெரும்பாலும் 45½ அளவில் இருக்கும். நீளம் கூடக் கூட முகத்தை நேராகக் கொண்டுவந்து பந்தில் வைப்பது கடினம். லாஃப்ட் குறையக் குறைய அதே பிழைக்கு வளைவு கூடும். ஸ்லைஸ்காரனுக்கு இரண்டுமே எதிரி. குதிப் பக்கத்தில் (தலையில் தண்டு சேருகிற பக்கம்) பாரம் வைத்திருப்பதாகக் காட்டிய திருகாணி வெறும் அலங்காரம், திறக்க வரவில்லை. கடைசியாக, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து முகத்தில் வைத்தேன், பிடித்துக்கொண்டது. பெயர் பெற்ற நிறுவனங்களின் இன்றைய டிரைவர்களில் முகம் பெரும்பாலும் டைட்டானியம், சிலவற்றில் கார்பன். இரண்டிலும் காந்தம் ஒட்டாது.

தொலைபேசியில் கேட்டபோது, "அடிச்ச சாமானைத் திருப்பி எடுக்கேலாது, உங்கடை ஸ்விங்கிலைதான் பிழை" என்று பதில். என் ஸ்விங்கில் (மட்டையை வீசுகிற விதத்தில்) பிழை இருப்பது ஊருக்கே தெரியும். அதற்குத்தானே மருந்து விற்றார்? வாஸ்லின் கதையை எடுத்ததும் இணைப்பைத் துண்டித்தார். பற்றுச்சீட்டில் கடைப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.

ஸ்லைஸுக்கென்று உண்மையிலேயே டிரைவர்கள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. பிங் நிறுவனத்தின் எஸ்எஃப்டி வகை ஓர் உதாரணம்: பாரத்தைக் குதிப் பக்கம் தள்ளி வைத்து, முகம் சற்று எளிதாக மூடும்படி (இடப்பக்கம் திரும்பும்படி) செய்திருப்பார்கள். வளைவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அடிபடும் கணத்தில் முகம் பார்க்கும் பக்கம். அந்த முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் இடையிலுள்ள கோணம்தான் வளைவைத் தருகிறது. வெளியிலிருந்து உள்ளே வெட்டி இழுக்கிற கையை எந்தப் பாரமும் முழுதாக மறைத்துவிடாது. "உத்தரவாதம்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் பந்தை, உங்கள் காய்ந்த துணியைக் கொண்டு போங்கள். முகத்தை நீங்களே துடையுங்கள். காற்றுக்கு இரு பக்கமும் அடியுங்கள். முகத்தில் முகப்பவுடர் கொஞ்சம் தூவி அடித்தால் பந்து பட்ட தடம் தெரியும், ஆனால் பவுடரும் உராய்வை மாற்றும் என்பதால் வளைவை அந்த அடியில் பார்க்க வேண்டாம். தடம் குதிப் பக்கமே விழுந்துகொண்டிருந்தால் ஸ்லைஸின் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது, அதற்குப் புது டிரைவர் தேவைப்படாமலும் போகலாம். அடித்துப் பார்த்த அதே கிளப்பையே கையோடு வாங்குங்கள், பெட்டி பின்னால் வரும் என்றால் வேண்டாம். தொடர் இலக்கத்தைப் படம் எடுத்து அந்த நிறுவனத்துக்கே அனுப்பிக் கேட்கலாம். விதிக்கு உட்பட்ட டிரைவர் தலைகளின் பட்டியலை, கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்பான ஆர் அன்ட் ஏ வெளியிடுகிறது, அதிலும் பாருங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசியபின், எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஏமாற்றி விற்பதைத் தடை செய்கிறது. வங்கியில் காசு போட்ட துண்டும், மண் ஒட்டிய பந்தும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இதே ஆளிடம் வாங்கியவர்கள் உப்புவெளியிலோ, பாசிக்குடாவிலோ, வேறெங்கோ இருந்தால் பற்றுச்சீட்டின் படத்தை எனக்கு அனுப்புங்கள், எல்லாவற்றையும் ஒரே முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.