மெக்டவலா, ஸ்டாக்ஹோம் இஎம்எஸ்ஸா?

படைப்பு உறைவிடத்துக்கு (கலைஞர்கள் சில காலம் தங்கிப் படைப்பில் ஈடுபடும் இடம்) விண்ணப்பிக்கும் இசைக்கலைஞர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுவது இயல்புதான். இரண்டும் அருமையான இடங்கள், ஆனால் வேலையே வேறு: மெக்டவல் அமைதியாகத் தங்கி எழுதும் இடம், இஎம்எஸ் மின்னணு இசைக் கூடம்.

இடம்: மெக்டவல், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டுக்குள், 1907 முதல். இஎம்எஸ், ஸ்வீடன் தலைநகரில், 1964 முதல்.

வேலைச் சூழல்: மெக்டவலில் ஆளுக்கொரு தனிக் குடில், இசையமைப்பாளருக்குப் பியானோ. மதியச் சாப்பாட்டைக் கூடையில் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பகல் முழுக்க ஒருவரும் குறுக்கிட மாட்டார்கள். நீண்ட படைப்பை எழுதி முடிக்க இதைவிட என்ன வேண்டும்!
இஎம்எஸ்ஸில் புக்லா, செர்ஜ் மாடுலர் சிந்தசைசர்கள், அதாவது தனித்தனிப் பகுதிகளை ஒயரால் இணைத்து ஒலியை உருவாக்கும் மின்னணுக் கருவிகள். ஒயரைச் செருகி, குமிழைத் திருகி, காதாலேயே தேட வேண்டும். பழக்கமில்லாதவருக்குக் கருவியைப் புரிந்துகொள்ளவே சில நாட்கள் போய்விடும். அதையும் கணக்கில் சேர்த்தே நாள் கேளுங்கள்.

செலவு: மெக்டவலில் தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. இஎம்எஸ்ஸுக்குப் போவதானால் பயணம், தங்குமிடம் பற்றி முன்பே பேசிவிடுவது நல்லது.

நாற்கருவி இசையோ ஆர்க்கெஸ்ட்ராவோ எழுதுபவருக்கு மெக்டவல். ஒலியையே மூலப்பொருளாகக் கொண்டவருக்கு, யோசிக்கவே வேண்டாம், இஎம்எஸ். ஜாஸ் கலைஞருக்குச் சேர்ந்து வாசிக்க ஆள் வேண்டுமென்றால் இரண்டுமே சரிவராது. கனடாவின் பான்ஃப் கலை மையத்தைப் பாருங்கள்.