உழவர் சந்தை: விலைப்பலகையும் அதன் எல்லையும்

இடைத்தரகரின் பேரம்பேசும் வலுவும், அன்றைய விலை உழவருக்குத் தெரியவராமையும் சேர்ந்து காய்கறிச் சந்தையைக் கோணலாக்கும்போது அரசு எவ்வாறு தலையிடலாம் என்பதற்கு, 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய, உழவரே நேரடியாக விற்கும் உழவர் சந்தைத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. நான் வழக்கமாகக் காய் வாங்கும் சந்தையில் கடைக்கு வாடகை இல்லை, தராசும் இலவசம். மொத்த விலைக்குச் சற்று மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக நாள்தோறும் நிர்ணயிக்கப்படும் விலை பலகையில் எழுதப்படுவதால், பேரத்துக்கு வேலையில்லை. கீரைக்காக மட்டுமே கூட விடியலில் எழுந்து போகலாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எல்லாத் தக்காளிக்கும் ஏறக்குறைய ஒரே விலை என்பதால், நல்ல பழம் கொண்டுவரும் உழவருக்குத் தனி ஆதாயமில்லை. தரமானது வெளிச்சந்தைக்கு நழுவுகிறது. உழவருக்கான அடையாள அட்டைச் சோதனை தளரும் நாள்களில் வியாபாரிகளும் உள்ளே அமர்ந்துவிடுவதால், விலக்கப்பட வேண்டிய இடைத்தரகுக்கே வாடகையில்லா இடம் கிடைத்துவிடுகிறது. 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பல சந்தைகள் கவனிப்பாரற்றுப் போனதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும் காலை எட்டு மணிக்குள் செல்பவருக்கு, விலைக்காகவும் எடைக்காகவும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பத்து மணிக்கு மேல் செல்பவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் முற்றிய முருங்கைதான்.