கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவை முடுக்கிவிடுவது யார்: குளுகோகானா, தைராய்டா, அமினோ அமிலமா?

செல்லுக்குள் எரிபொருளை எரித்து ஆற்றல் தரும் உலைகள்தான் மைட்டோகாண்ட்ரியா. அவற்றை முடுக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை, குளுகோகான் என்ற ஹார்மோன்தான். கணையத்திலிருந்து கிளம்பிக் கல்லீரல் செல்லின் மேல் வந்து ஒட்டியதும் உள்ளே செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு ஏறுகிறது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியம் கூடுகிறது, கொழுப்பு அமிலங்களை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருந்த மாலோனைல் கோஏ குறைகிறது, கொழுப்பு எரியத் தொடங்குகிறது. எல்லாம் நிமிடக் கணக்கு. இந்த சைக்ளிக் ஏஎம்பியைக் கல்லீரலில் வைத்துத்தான் ஏர்ல் சதர்லேண்ட் பிடித்தார், 1971-ல் நோபலும் வாங்கினார். ஆனால் வந்த வேகத்திலேயே போய்விடும். சாப்பிட்டு இன்சுலின் ஏறினால் ஆட்டம் மாறிவிடும்.

தைராய்டு ஹார்மோனான டி3-க்கு அவசரமே கிடையாது. உட்கருவுக்குள் போய் மரபணுக்களைத் தட்டியெழுப்பிப் புதுப் புரதங்கள் தயாராக மணிக்கணக்கு, சில சமயம் நாள்கணக்கு ஆகும். பலன் என்னவோ நின்று பேசும், எரிக்கும் திறனே கூடிவிடும். ஒரே தொல்லை, இதயத்தையும் சேர்த்துப் படபடக்க வைக்கும். அதனால்தான் கல்லீரலில் ஓங்கியிருக்கும் டி3-யின் பீட்டா வகை ஏற்பியைக் குறிவைத்து ரெஸ்மெடிரோம் என்ற மருந்து வந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கு அனுமதியும் கிடைத்தது.

சரி, என் ஓட்டு அமினோ அமிலங்களுக்கு. இவற்றை வெறும் விறகு என்று நினைப்பவர்கள்தான் அதிகம், ஆனால் அர்ஜினினைப் பாருங்கள்: புரதம் சாப்பிட்டதும் அது ஏறி, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் என்-அசிட்டைல் குளுட்டமேட் என்ற பொருள் உருவாவதைத் தூண்டுகிறது, அந்தப் பொருள் இல்லாவிட்டால் அம்மோனியாவை யூரியாவாக்கும் யூரியா சுழற்சியின் முதல் நொதி கிட்டத்தட்ட பிணம்தான், அம்மோனியா ரத்தத்தில் தேங்கிவிடும். அதாவது வேலைக்கான சரக்கும் இதுதான், வேலையைத் தொடங்கச் சொல்லும் உத்தரவும் இதுதான். அதற்காக அர்ஜினின் பவுடர் டப்பா வாங்க ஓட வேண்டாம், வேர்க்கடலையிலேயே நிறைய இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. மாவுச்சத்தே இல்லாமல் முட்டையை மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள், இன்சுலினோடு குளுகோகானும் ஏறும். ஏற்றுவது அமினோ அமிலம். அப்படி ஏறிய குளுகோகான் கல்லீரலிடம் போய் அந்த அமினோ அமிலத்தையே யூரியாவாக்கிக் கழிக்கச் சொல்கிறது. போட்டியாளர்கள் என்று நிறுத்திவைத்த இரண்டு பேரும் உள்ளுக்குள் கூட்டாளிகள். கொழுப்பு படிந்த கல்லீரலோ குளுகோகான் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை, அமினோ அமிலம் ரத்தத்திலேயே தங்குகிறது, கணையம் இன்னும் சத்தமாகக் கத்துகிறது. அப்படிப்பட்டவர்கள் ரத்தத்தில் அமினோ அமிலம், குளுகோகான் இரண்டும் ஏறியே நிற்கும்.